உட்காராத அம்மா, ஒரு ஊசி, ஒரு பஸ் பயணம்

இந்த எபிசோடை ஸ்பீக்கரில் கேட்பதா ஹெட்ஃபோனில் கேட்பதா என்று நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. இடுப்புக்குக் கீழே, ரெண்டு தொடைக்கும் நடுவில் வருகிற வலியைப் பத்திப் பேசப் போறேன். எங்க வீட்டில் இதைச் சத்தமாகப் பேச 22 வருஷம் ஆச்சு. நீங்க ஹெட்ஃபோன் தேட எடுத்துக்கிற ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பெரிசு இல்ல.

எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து இசிஆரில் பாண்டிச்சேரி போயிருந்தீங்கன்னா, பாண்டிக்கு ஒரு முக்கால் மணி நேரம் முன்னாடி ரோட்டோரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல் தெரியும். நிறைய பேர் வண்டியை ஓரங்கட்டி போட்டோ எடுப்பீங்க. அந்த போட்டோவில் தூரத்தில் அன்னக்கூடையைத் தலையில் வெச்சுக்கிட்டு வரப்பு மேல நடந்து போகிற ஒரு அம்மா இருந்தா, அது எங்க அம்மாவாகக்கூட இருக்கலாம். அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். "பேரு சொல்லாத. மத்தத எல்லாம் சொல்லு"ன்னாங்க.

எங்க அம்மா உட்கார மாட்டாங்க. சின்ன வயசில் எனக்கு அது அவங்க குணம் மாதிரிதான் தெரிஞ்சது. சில பேர் காபி குடிக்க மாட்டாங்க இல்லையா, அந்த மாதிரி. சாப்பிடறது நின்னுக்கிட்டு, டிவி பார்க்கிறது கதவில் சாஞ்சுக்கிட்டு. கல்யாணப் பந்தியில், "நான் பரிமாறுறேன், நீங்க உட்காருங்க" என்பாங்க. பஸ்ஸில் சீட்டு காலியா இருந்தாலும் கம்பியைப் பிடிச்சு நிப்பாங்க. அத்தை அவங்களுக்கு "உட்காராத மகராசி"ன்னே பேர் வெச்சுட்டாங்க.

தம்பி பிறந்தது 2001-இல். ரெண்டு நாள் இழுத்த பிரசவம். அதுக்கப்புறம் சில மாசத்தில் ஆரம்பிச்ச வலி. உட்கார்ந்தா எரியும், ஊசியால குத்துற மாதிரி இருக்கும், உள்ள ஏதோ உருண்டையை வெச்சு அடைச்ச மாதிரி இருக்கும். எழுந்து நின்னா கொஞ்ச நேரத்தில் அடங்கும். உப்பு வாருறவங்களுக்கு நாள் முழுக்க நிக்கிற, குனியுற, நடக்கிற வேலைதான். அதனால, "காலையில நாலு மணிக்கு எழுந்து அளத்துக்குப் போயி நூறு கூடை தூக்குற, உனக்கு இன்னா வலி?" என்று வீட்டிலேயே யாரும் நம்பல. வேலை செய்யறப்ப வராத வலி, ஓய்வெடுக்கறப்ப வருதுன்னு சொன்னா யார் நம்புவா?

முதல்ல அது சூடு. உப்பளத்தில் நிக்கிறவங்களுக்கு எந்த வலியும் முதல்ல சூடுதான். வெந்தயம், இளநீர், தொப்புள்ல விளக்கெண்ணெய். அப்புறம் நீர்க்கடுப்பு. இதை முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாது. பாத்திகளுக்கு நடுவில் கழிப்பறை கிடையாது, மறைவுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. அதனால பொம்பளைங்க தண்ணியே குடிக்காம வேலை செய்வாங்க, சிறுநீரை அடக்குவாங்க. ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் செஞ்சு 2023-இல் வெளியிட்ட ஆய்விலும், பெரும்பாலானவங்க பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்யறதும், சில பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைஞ்சிருக்கறதும் பதிவாயிருக்கு. ஆக டாக்டர்கள் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு மாத்திரை கொடுத்ததில் நியாயம் இருக்கு. என்னன்னா, யூரின் டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் சுத்தமா வந்தது. மாத்திரையும் ஒவ்வொரு தடவையும் வந்தது.

2009-இல், அம்மாவுக்கு 34 வயசில், கர்ப்பப்பையை எடுத்தாங்க. ஒரு நர்சிங் ஹோம், பேர் வேணாம். "ரெண்டு புள்ளை இருக்குல்ல, இனிமே அது எதுக்கு? எடுத்துட்டா வலியும் போயிடும், மாசா மாசம் தொல்லையும் இல்ல." அந்தக் கடனை அடைக்க அடுத்த ரெண்டு சீசன் ஆச்சு. மாசத் தொல்லை போச்சு. வலி அப்படியே இருந்தது. இந்த முறை அம்மா யார்கிட்டயும் சொல்லல. சொல்ல ஒரு உறுப்பும் மிச்சம் இல்லன்னு நினைச்சுட்டாங்களாம்.

இப்போ சீனை மாத்துறேன். 2023, சோழிங்கநல்லூர், என் ஆபீஸ். எங்க டீம் லீட் ஞாயித்துக்கிழமை ஆனா சைக்கிளில் சென்னையிலிருந்து பாண்டி வரைக்கும் மிதிக்கிற கூட்டத்தில் ஒருத்தர். திடீர்னு சைக்கிளை வித்துட்டார். மீட்டிங்கில் நிக்க ஆரம்பிச்சார். ஸ்டாண்டிங் டெஸ்க் ஃபேஷன் என்று நாங்க கிண்டல் பண்ணினோம். ஒரு நாள் டீ குடிக்கறப்ப சொன்னார்: "உட்கார்ந்தா கீழே தீ வெச்ச மாதிரி இருக்கும்மா. பிராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன்னு ஆறு மாசம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். கடைசியில நரம்பாம்." அப்புறம் ஒரு வாக்கியம் சொன்னார். "வேடிக்கை என்னன்னா, டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தா மட்டும் வலி இல்ல."

டீ கையில ஆறிப்போச்சு. எங்க அம்மா வீட்டில் உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். ஊருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வந்த புதுசுல, "அதுல உட்கார்ந்தா சொகமா இருக்குடி"ன்னு அவங்க சொன்னதுக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன்.

அந்த நரம்பின் பேர் புடெண்டல். முதுகுத்தண்டின் அடியில், திருவெலும்புப் பகுதியில் எஸ் 2, எஸ் 3, எஸ் 4 என்கிற மூணு நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, ரெண்டு தசைநார்களுக்கு நடுவில் நுழைஞ்சு, உட்காரும் எலும்பின் உள்பக்கமாக ஒரு குறுகலான பாதையில் போகுது. பிறப்புறுப்பு, மலத்துவாரம், ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற தோல் என மூணு இடத்தின் உணர்ச்சியும் இதன் கையில். பெஞ்சமின் அல்காக் என்ற அயர்லாந்துக்காரர் 1836-இல் விவரிச்சதால அந்தப் பாதைக்கு அல்காக் கால்வாய் என்று பேர். எங்க ஊருக்குப் பக்கிங்காம் கால்வாய், எங்க அம்மாவுக்கு அல்காக் கால்வாய். உட்காரும்போது உடம்பின் பாரம் அங்கே அழுத்தும். டாய்லெட் சீட்டின் நடுவில் ஓட்டை இருப்பதால் அந்த இடம் தப்பிக்கும். ரகசியம் அவ்வளவுதான். ஒரு கூடுதல் தகவல்: புடெண்டல் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு வெட்கப்படுதல் என்று அர்த்தம். நரம்புக்குப் பேர் வெச்சவங்களும் நம்ம வீட்டுப் பெரியவங்க மாதிரிதான் இருந்திருக்காங்க.

எதனால் இந்த நரம்பு கெட்டுப்போகும்? நீண்ட பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது இழுபடலாம். சைக்கிள் சீட்டு வருஷக்கணக்கா அழுத்தலாம். தீராத மலச்சிக்கலில் முக்குவதும் ஒரு காரணம், அந்தப் பக்கம் நடந்த அறுவை சிகிச்சையும் ஒரு காரணம். தண்ணி குடிக்காம வேலை செஞ்ச அம்மாவுக்கு ரெண்டு மூணு காரணம் சேர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். இதுதான்னு விரல் வெச்சுச் சொல்ல முடியாதுன்னும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்தது.

அவர் ஒரு வலி மருத்துவர். படிப்பால் மயக்க மருந்து நிபுணர். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிறவங்கதானே என்று நினைப்போம். அவங்கள்ல பல பேர் தனியாக வலி சிகிச்சையும் செய்யறாங்க, அதுக்கென்றே பெயின் கிளினிக் இருக்குங்கறது எனக்கே அப்பத்தான் தெரியும். பாண்டிச்சேரியில் போய்ப் பார்த்தோம். பிரான்ஸில் நான்த் என்ற ஊரின் பேரால் 2008-இல் வெளியான அஞ்சு அளவுகோல் இருக்கு. அதையொட்டித்தான் கேட்டார். வலி அந்த நரம்பு போகும் இடத்தில்தானா? உட்கார்ந்தா கூடுதா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புதா? எழுப்பல. தொட்டுப் பார்த்தார், எங்கயும் உணர்ச்சி குறையல. நாலு பொருந்திப்போச்சு. அஞ்சாவதுதான் ஊசி. அந்த நரம்பை மரத்துப்போகச் செஞ்சா வலி போகுதா?

இந்த இடத்தை நிதானமா கேளுங்க. நரம்புத் தடுப்பு ஊசி, அதாவது நெர்வ் பிளாக், என்று சொன்னதும் வலியைத் துரத்துற ஊசின்னு தோணும். முதல் ஊசியின் வேலை வேற. அது ஒரு கேள்வி. பல் டாக்டர் ஈறில் போடுவாரே லிடோகைன், அந்தக் குடும்பத்து மருந்துதான். அதைச் சந்தேகப்படும் நரம்பின் பக்கத்தில் கொண்டுபோய் விடுவாங்க. மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்தில் வலி நின்னுபோச்சுன்னா, வலி வர்ற பாதை இதுதான். நிக்கலன்னா, மருந்து சரியான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் பட்சத்தில், வேற இடத்தில் தேடணும். ரெண்டுமே பதில்தான்.

2023 நவம்பர். மழைக்காலம், அளத்தில் வேலை இல்லாத நேரம். அம்மா அதுக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. குப்புறப் படுக்க வெச்சாங்க. மயக்கமெல்லாம் இல்ல, முழிச்சிருந்தாங்க. எக்ஸ்ரே மாதிரி திரையில் எலும்பைப் பார்த்துக்கிட்டே பிட்டத்தின் வழியா மெல்லிய நீள ஊசி. சில இடங்களில் இதை அல்ட்ராசவுண்ட் பார்த்தோ சிடி பார்த்தோ செய்வாங்க. அந்த நரம்பை ஒட்டியே ரத்தக்குழாயும் ஓடுறதால, மருந்தைச் செலுத்தும் முன்னாடி ரத்தம் வருதான்னு பின்னால் இழுத்துப் பார்ப்பாங்க. கொஞ்ச நேரத்தில் முடிஞ்சது. கால் கொஞ்சம் மரத்துப்போகலாம், தனியா நடக்க விடாதீங்க என்றார் டாக்டர். அதுக்கு மேல ஒண்ணு சொன்னார்: "வீட்டுக்குப் போய்ப் படுத்துக்காதீங்கம்மா. எது செஞ்சா வலிக்குமோ, அதை இன்னைக்கே செஞ்சு பாருங்க. மணிக்கு ஒரு தடவை பத்துக்கு எவ்வளவு வலின்னு எழுதுங்க." மருந்து தீர்ந்த பிறகு சோதிச்சு என்ன பிரயோஜனம்?

பாண்டி பஸ் ஸ்டாண்ட். மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். அம்மா படியேறி, வழக்கம்போலக் கம்பியைப் பிடிச்சாங்க. "உட்காரும்மா, டாக்டர் சொன்னாரு"ன்னேன். ஜன்னலோரம் மெதுவா, கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கிற மாதிரி, தன்னைத்தானே சீட்டில் வெச்சாங்க. கோட்டக்குப்பம் போச்சு. காலாப்பட்டு போச்சு. நான் நோட்டில் சைபர் போட்டேன். கூனிமேடு தாண்டறப்ப அம்மா கேட்டாங்க:

"அப்போ எதுக்குடி கர்ப்பப்பைய எடுத்தாங்க?"

என்கிட்ட பதில் இல்ல. அனுமந்தை வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.

அந்தக் கேள்வி எங்க வீட்டோடு நிக்கலங்கறது பின்னாடி படிக்கறப்பதான் தெரிஞ்சது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களைப் பத்தி அரசு அமைச்ச குழு 2019-இல் கொடுத்த கணக்கு: விசாரிச்ச சுமார் 82,000 பேரில் 13,000-க்கும் மேல் பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. அதுல எத்தனை தேவையானது, எத்தனை தேவையில்லாததுன்னு நான் சொல்ல முடியாது. கட்டி, தீராத ரத்தப்போக்கு, புற்றுநோய் என்று அந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாத்துற சந்தர்ப்பங்கள் இருக்கு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. திரும்ப வைக்க முடியாத ஒண்ணை எடுக்கறதுக்கு முன்னாடி, வலி அங்கிருந்துதான் வருதான்னு யாராவது சோதிச்சாங்களா?

அடிவயிற்று வலி, இடுப்புக்குழி வலி என்று நாம் பொதுவாச் சொல்றதுக்குள்ள பல பாதைகள் இருக்கு. சிசேரியன் தழும்பின் ஓரத்தில், விரலால் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலின்னா, அங்கே தோலுக்குப் போகும் இலியோஇங்குவினல் போன்ற நரம்பு தழும்பில் சிக்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். கர்ப்பப்பை மாதிரி உள்ளுறுப்பிலிருந்தே வரும் வலின்னா, முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக்கு முன்னால் இருக்கும் நரம்பு வலையில் ஊசி போடுவாங்க. புற்றுநோய் வலிக்கு இது பெரிய உதவி. வால் எலும்பு வலிக்கு அதன் முன்னால் இருக்கும் ஒற்றை நரம்பு முடிச்சு. அப்புறம் நரம்பே காரணம் இல்லாம, இடுப்புத் தளத் தசைகள் இறுகிப்போய் வர்ற வலியும் இருக்கு. உங்க ஸ்கேன் நார்மல் என்றால் இவ்வளவும் இல்லைன்னு அர்த்தம் ஆகாது. நரம்பு மரத்துப்போனா அது ஸ்கேனில் தெரியாது, எரிஞ்சாலும் தெரியாது.

சரி, அந்த ராத்திரி என்ன ஆச்சு? ஒன்பது மணிக்கு நாலு. காலையில பழையபடி ஏழு. அம்மா முகத்தைப் பார்க்க முடியல. நான் டாக்டருக்கு போன் பண்ணி ஊசி வேலை செய்யலன்னேன். "ஆறு மணி நேரம் சைபர் எழுதியிருக்கீங்க. வேலை செஞ்சிருக்கு"ன்னார்.

இங்கே விளம்பரக்காரர்களிடம் கொஞ்சம் உஷாராயிடுங்க. ஒரே ஊசியில் நிரந்தரத் தீர்வுன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. சில பேருக்கு ஊசியின் பலன் வாரக்கணக்கில் நிக்கும், சில பேருக்கு மாசக்கணக்கில், எங்க அம்மா மாதிரி சில பேருக்கு மணிக்கணக்கில்தான். மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போடும் வழக்கம் பரவலா இருக்கு. பிரான்ஸில் இதே புடெண்டல் நரம்புக்கு ஸ்டீராய்டு சேர்த்தும் சேர்க்காமலும் போட்டு ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வந்தது. சேர்த்ததால் கூடுதல் நன்மை தெரியல. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏத்தும். அதனால எனக்கு எதுக்குச் சேர்க்கறீங்கன்னு கேக்கறதில் மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடறவங்க, ஊசி போடும் இடத்தில் தொற்று இருக்கறவங்க, இந்த மருந்து ஒத்துக்காதவங்க முன்னாடியே சொல்லணும். ஊசியில் வலி போனாலும் நரம்பு நெரிபட்டிருக்குன்னு அது நிரூபிக்காது, வலி அந்த வழியா வருதுன்னு மட்டும்தான் காட்டும்.

மாத்திரையில் முடிச்சுக்கலாமேன்னு நானும் கேட்டேன். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், காரணம் பிடிபடாத நாள்பட்ட இடுப்புக்குழி வலி இருக்கற பெண்களுக்கு உதவுதான்னு பிரிட்டனில் 306 பேரிடம் சோதிச்சு 2020-இல் லான்செட் இதழில் வெளியிட்டாங்க. வெறும் போலி மாத்திரையை விட அது பெரிசா உதவல, தலைசுத்தலும் தூக்கமும்தான் கூடுச்சு. எங்க அம்மா மாதிரி நரம்பு இதுதான்னு தெரிஞ்சவங்களைப் பத்தின ஆய்வு இல்ல அது. அதான் சொல்றேன், எந்த வலின்னு தெரியாம மருந்து கொடுத்தா இப்படித்தான்.

அம்மாவுக்கு அப்புறம் நடந்தது சினிமா மாதிரி இல்ல. இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்த ஒரு பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்தாங்க. நாம எல்லாரும் யூட்யூபில் பார்க்கிற இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிக்கு நேர்மாறானது. இறுக்கம் இருக்கற இடத்தில் மேலும் இறுக்கினா வலி கூடும். மலச்சிக்கலைச் சரி பண்ணினாங்க. தண்ணி குடிக்கச் சொன்னாங்க. "குடிச்சுட்டு எங்க போறது?"ன்னு அம்மா கேட்டதுக்கு டாக்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். இடையில் ரெண்டு ஊசி. ரெண்டாவது பத்து நாள் தாங்குச்சு. மூணாவது ஒரு மாசத்துக்கும் மேல. வலி அடங்கின நாள்களில் பயிற்சி நல்லா செய்ய முடிஞ்சது. ஏழா இருந்தது இப்போ பெரும்பாலும் மூணு. சில நாள் அஞ்சு. டீம் லீட் கொடுத்த நடுவில் வெட்டின மெத்தையை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு அளத்துக்கே எடுத்துட்டுப் போறாங்க. கரை மேல அதைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடறாங்க. அத்தைக்குப் புதுப் பேர் யோசிக்க நேரம் கிடைக்கல.

மெத்தை இன்னான்னு கேட்டு மூணு பேர் வந்தாங்களாம். அவங்களுக்கு அம்மா டாக்டர் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டிருக்காங்க. உட்கார்ந்தா வலிக்குதா, நின்னா வலிக்குதா, ராத்திரி எழுப்புதா? ஒருத்தருக்கு எதுவுமே பொருந்தல. வலி சிசேரியன் தழும்பின் வலது ஓரத்தில், ஒரு விரல் நுனி அளவு இடத்தில். அவங்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி குறிச்சிருந்தாங்க. அம்மா, "தேதிய தள்ளு, முதல்ல பாண்டிக்கு வா"ன்னு சொல்லிட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போறாங்க. நான் லீவு போடட்டுமான்னு கேட்டேன். வேணாமாம். ஜன்னல் சீட்டு மட்டும் தனக்குத்தானாம்.